கண்ணப்பர் மீது ஒரு வழக்கு

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலாவில் கண்ணப்ப நாயனார் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வருகிறார். நாமும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அவர் வெண்கலமாக வருவது நமக்கும் வசதி, அவருக்கும் பாதுகாப்பு. உயிரோடு வில்லும் அம்புமாக வந்து நின்றால் வழக்குப் பதியாமல் இருக்க முடியாது.

குற்றச்சாட்டுகளைப் பாருங்கள். ஒன்று, காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது. 1882இல் வெள்ளைக்காரன் போட்ட வனச் சட்டத்தை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். பெயரை மட்டும் சென்னையிலிருந்து தமிழ்நாடு என்று மாற்றிக்கொண்டோம். இரண்டு, காட்டுப்பன்றியைக் கொன்றது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதே பாடு. மூன்று, அந்த இறைச்சியை ருசி பார்த்துச் சுவாமிக்குப் படைத்தது, வாயில் கொண்டுவந்த நீரால் அபிஷேகம் செய்தது, செருப்புக் காலை லிங்கத்தின் மேல் வைத்தது. புகார்தாரர் சிவகோசரியார். சாட்சி சிவபெருமான், ஆனால் அவர் எதிரி தரப்புக்குச் சாதகமாகப் பேசுபவர் என்பது ஊரறிந்த விஷயம்.

சம்பவ இடம் காளத்தி, ஆகவே வழக்கு ஆந்திரத்துக்குப் போக வேண்டும் என்பீர்கள். போகாமலிருப்பதே நல்லது. காளத்திக்குப் பக்கத்துச் சேஷாசலக் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். செத்தவர்களில் பலர் மலைவாழ் பழங்குடிகள். அவர்களுக்கு விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது, நேரே தீர்ப்பு.

சரி, பழங்குடி என்று சொல்லிச் சலுகை கேட்கலாமே? கேட்கலாம். சாதிச் சான்றிதழ் எங்கே? உடுப்பூர் நாகனார் மகன், தந்தை கையால் வேடர் தலைமை ஏற்றவர் என்று சேக்கிழார் எழுதிவைத்திருக்கிறார். சேக்கிழார் சோழனிடம் அமைச்சராகவே இருந்தவர்தான். இருந்தாலும் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்கு எளிது. அப்பாவுக்கு ஏன் இல்லை? தாத்தாவுக்கு இல்லை. தாத்தாவுக்கு ஏன் இல்லை? அவர் காட்டில் இருந்தார், அலுவலகத்தில் இல்லை. இப்படித்தான் இருளர் பழங்குடிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, தாங்கள் பிறந்த குலத்தில்தான் பிறந்தோம் என்று நிரூபிக்க வருடக்கணக்கில் அலைகிறார்கள். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கொத்தடிமையாகப் போக மட்டும் எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

எட்டாம் நாளின் இன்னொரு நாயகி பூம்பாவை. பாம்பு தீண்டி இறந்த பெண். சம்பந்தர் பதிகம் பாட, அஸ்திக் குடத்திலிருந்து எழுந்து வந்தாள். இன்று பதிகத்துக்குப் பதில் மருந்து இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பீடு. பிழைப்பவர்களைப் பிழைக்க வைக்கும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிற இருளர்கள். 1972 சட்டம் வந்து பாம்புத்தோல் தொழில் படுத்ததும், 1978இல் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம். ஆனால் பாம்பு பிடிக்க அனுமதி வேண்டும், எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை சொல்லும். பாம்பைப் பற்றி இருளருக்கு என்ன தெரியும், பாவம்!

நாம் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. 2021இல் இருளர் படும் பாட்டைச் சொன்ன ‘ஜெய்பீம்’ படம் பார்த்து அழுதோம். அதே ஆண்டு மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண் துரத்தப்பட்டார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. 2023 மார்ச்சில் கோயம்பேட்டுத் திரையரங்கு ஒன்றில் டிக்கெட்டும் கையுமாக வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். படத்துக்கு U/A சான்றிதழாம், குழந்தைகளுக்கு ஆகாதாம். பழங்குடிகள் திரையில் வந்தால் அழுவோம். திரையைப் பார்க்க வந்தால் கதவைச் சாத்துவோம்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறையும் காவல்துறையும் புகுந்து சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். காட்டைத் திருடியதாகப் பழி பழங்குடிக்கு, பென்ஷன் அதிகாரிகளுக்கு.

நிலம் என்று வந்தால்தான் நம் அன்பின் ஆழம் தெரியும். 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. காட்டைப் பற்றி முடிவெடுக்கக் கிராம சபைக்கு வாய் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற வன அதிகாரிகள் வழக்குப் போட, 2008 முதல் 2016 வரை பட்டா வழங்கலே முடங்கிக் கிடந்தது. ஒடிசாவின் நியமகிரியில் அந்தச் சட்டத்தின் பலத்தைப் பார்த்தோம்: 2013இல் 12 கிராம சபைகள் கூடின, சாமி மலையைச் சுரங்கத்துக்குத் தர மாட்டோம் என்று பன்னிரண்டும் சொல்லின, சுரங்கம் கேட்ட வேதாந்தா நிறுவனம் வெறுங்கையோடு திரும்பியது. அந்த ‘மாட்டோம்’தான் அரசுகளுக்குப் பயம்.

சாமி மலைக்கு ஆசைப்படுவது நம் அரசுகள் மட்டுமல்ல. மயிலாப்பூர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மவுண்ட் ரஷ்மோர் முன்னால் செல்ஃபி எடுத்து அனுப்புகிறார்கள். நான்கு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய அந்தக் கருங்குன்றுகள் லகோட்டா மக்களின் சாமி மலை. 1868 ஒப்பந்தத்தில் உங்களுக்கே என்று எழுதிக் கொடுத்தார்கள்; தங்கம் கிடைத்ததும் 1877இல் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய சூரிய நடனத்தைக்கூடக் குற்றமாக்கினார்கள். 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. ஏழ்மையில் கிடக்கும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தொடவில்லை. வட்டியோடு 100 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பணம் வேண்டாம், மலை வேண்டும். நம் ஊரிலோ மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, புடவையால் கூடாரம் கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடும் இருளருக்கு அந்தக் கரைக்காக யாரும் பணமும் நீட்டவில்லை, அந்தக் கரையையும் நீட்டவில்லை. அந்தக் கரை நெடுக ரிசார்ட் கட்டியவர்களுக்குப் பட்டா கிடைக்கத் தாமதம் ஆனதாகவும் செய்தி இல்லை.

வருகிற தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இருளர் பிள்ளைக்குச் சான்றிதழ் வீடு தேடி எப்போது வரும்? வன உரிமைப் பட்டா எப்போது வரும்? கிராம சபை ‘மாட்டோம்’ என்றால் அரசு நிற்குமா, மீறுமா? பழங்குடிக்குச் செய்ய வேண்டிய மரியாதை இவ்வளவுதான்: அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், எங்கள் நிலம் என்றால் அவர்கள் நிலம். மற்றதெல்லாம் வெறும் பொன்னாடை.