ஜெனரேட்டர் துயிலியல்

ஓடும் இயந்திரத்தைப் பற்றி நூல்கள் பல. ஓடாமல் கிடக்கும் இயந்திரத்தைப் பற்றியோ கையேட்டின் கடைசிப் பக்கம் அன்றி வேறில்லை. அப்பக்கத்தை வாசித்தார் இலர் ஆதலின் இவ்வியல் வேண்டப்பட்டது.

சென்னை வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் கும்பகருண மரபினது. புயலில் மின்கம்பம் சாய்ந்தால் எழுப்பப்படும். மற்றபடி கொலு பொம்மைப் பெட்டியைத் தாங்கி உறங்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நொந்தவர் இயந்திரம் பழுது என்பர். அன்று, பழுது உறக்கத்தினது.

என்னை? பெட்ரோல் மூப்படையும் பொருள். இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது ஆக்சிஜனோடு கூடிப் பிசினாகிக் கார்பரேட்டரின் ஜெட் துளையை அடைக்கும். இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சியதும் நீரையும் கூட்டிக்கொண்டு டேங்கின் அடியில் தனிக்குடித்தனம் போகும். இயந்திரத்துக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அந்த அடியில்தான்.

ஆகலின் மாதக்கணக்கில் உறங்க வைப்பதாயின் டேங்கை வடித்து, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட விடுக. திறந்த வெளியில், கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை ஆதலின். டேங்கை நிரப்பி வைத்தால் துருப்பிடிக்காது என்பது பிறர் மதம். எத்தனால் வருமுன் அதற்கு மரியாதை இருந்தது.

செல்ஃப் ஸ்டார்ட் வகைக்குப் பேட்டரியும் உண்டு. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாண்டே செய்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தது. சும்மா கிடந்தாலும் செலவாகும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12.4-க்குக் கீழே நெடுநாள் விட்டால் தகட்டில் ஈய சல்பேட் இறுகும். பிறகு சார்ஜ் ஏற அடம்பிடிக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது கடைசியில். மாற்றிச் செய்வார், பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் பாடியைத் தொடுங்கால், காரணத்தை வெளிச்சத்துடன் அறிவர். சார்ஜ் ஏறுகையில் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். எனவே பூஜை அறை ஆகாது.

சிமெண்ட் தரை கரண்டைக் குடித்துவிடும், பலகை போடு என்பது மெக்கானிக் மரபு. மரப்பெட்டியிலும் ரப்பர்ப் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டன்று. பலகை கிடக்கட்டும், மரபைக் கெடுப்பானேன்.

வடித்த பெட்ரோலை எங்கே வைப்பது? 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இதற்கு விடை கூறும். விற்பனைக்கல்லாதது 30 லிட்டர் வரை உரிமம் வேண்டா. ஆனால் இறுக மூடிய கலம் வேண்டும்: உலோகமாயின் 25 லிட்டருக்கும், கண்ணாடியோ பீங்கானோ ஆயின் ஒரு லிட்டருக்கும் மிகாதது. பங்கில் நீட்டப்படும் குளிர்பான பாட்டில் இவ்வரிசையில் இல்லை. பாட்டியின் ஊறுகாய் ஜாடி, ஒரு லிட்டருக்கு உட்பட்டதாயின், உண்டு. சட்டம் மறுக்காது, பாட்டி மறுப்பார். தகர டின்னே வாங்குக.