யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!

பிளஸ் டூ முடித்த பையன் அடம்பிடித்து, அப்பா மசிந்து, ரிச்சி தெருவிலிருந்து ஆறேழு அட்டைப்பெட்டிகள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டால், அடுத்த வேலை பயாஸ் அண்ணனுக்குப் போன் போடுவதுதான். தாம்பரமோ திருநகரோ, எந்தப் பேட்டையிலும் இவர் ஒருவர் உண்டு. வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். பகலில் எங்கோ கௌரவமான உத்தியோகம். மாலையில் ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவார். காசு வாங்கமாட்டார். அந்த ஒரு குணத்துக்காக மற்றதையெல்லாம் வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மற்றது என்பது, பெரும்பாலும், பயாஸ் அப்டேட்.

பிராசசரைப் பொருத்துவது, ரேமைச் செருகுவது, கேபினெட்டுக்குள் வயர்களை ஒளித்துவைப்பது எல்லாம் அண்ணன் ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவார். “சரி, போர்டுல பயாஸ் எந்த வெர்ஷன் இருக்கு?” என்று கேட்கும்போதுதான் முகம் மாறும். கருவறைக்குள் நுழையப்போகும் குருக்கள் மாதிரி ஒரு விலகல் வந்துவிடும். சொன்னால் நம்பமாட்டீர்கள், கைகூட கழுவிக்கொள்வார்.

முதல் கேள்வி பையனிடம் அல்ல, அப்பாவிடம். “சார், இன்னைக்குப் பேப்பர்ல மின்தடை லிஸ்ட் பாத்தீங்களா? நம்ம ஏரியா இருக்கா?”

“இன்வெர்ட்டர் இருக்கே தம்பி.”

“இன்வெர்ட்டர் வேற, யூபிஎஸ் வேற சார். இன்வெர்ட்டர் கை மாத்துற அந்த ஒரு நொடியில ஃபேன் நிக்காது. போர்டு நின்னுடும்.”

இதைச் சொல்லிவிட்டுக் கீழே போய், ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்திலிருந்து சொந்த யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார். கல்யாண வீட்டுக்குக்கூட வெறுங்கையோடு போவார். அசெம்பிளுக்கு அது இல்லாமல் போகமாட்டார். அதன்பிறகு வீட்டில் ஊரடங்கு. மிக்ஸி கூடாது, மோட்டார் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது. பாட்டியின் சீரியலுக்கும் தடை. குக்கருக்கு மட்டும் விலக்கு, அது கேஸ் அடுப்பு என்பதால்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. போர்டில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் பிராசசர் முதலில் படிப்பது அதில் எழுதியிருப்பதைத்தான்; அதுதான் பயாஸ். அப்டேட் என்றால் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. பாதியில் கரன்ட் போனால் முன்பு இருந்ததும் இல்லை, புதிதும் இல்லை. படிக்க ஒன்றும் கிடைக்காத பிராசசர் சும்மா இருக்கும். டிஸ்ப்ளே வராது. இந்தக் கட்டத்தில் அண்ணன் 1999 ஏப்ரல் 26ஐ நினைவுகூராமல் விடமாட்டார். செர்னோபில் விபத்தின் ஆண்டு நாளன்று சிஐஎச் வைரஸ் விழித்துக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்து பயாஸ் சிப்பையும் துடைத்துவிட்டுப் போன நாள். எழுதியவர் தைவான் கல்லூரி மாணவர் ஒருவர். அப்போது அண்ணனும் மாணவர்தான், கம்ப்யூட்டர் சென்டரில். “திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா வரிசையா கறுப்பு ஸ்கிரீன்” என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வரிசை கொஞ்சம் நீளும்.

இவருடைய பழைய கொள்கை, ஓடுகிற போர்டைத் தொடாதே என்பது. கடந்த சில ஆண்டுகளில் அதை மாற்றிக்கொண்டார், மனமில்லாமல்தான். 2023இல் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போயின. எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் கட்டிவைத்தது பயாஸ் அப்டேட்தான். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தங்களையே கெடுத்துக்கொண்டன. அதற்கான 0எக்ஸ்129 மைக்ரோகோடும் ஆகஸ்டில் பயாஸ் வழியாகவே வந்தது. ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது, புதிதாகக் கெடாமல் தடுக்கும். அதனால் இப்போதைய கொள்கை: புது மெஷினில் விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸ். பிறகு தொடாதே. சடங்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இதைவிட ஒழுங்கான யோசனையை நான் கேட்டதில்லை.

பென்டிரைவ் அவருடையதுதான். எட்டு ஜிபி, மூடி தொலைந்தது, எஃப்ஏடி32இல் ஃபார்மேட் செய்தது. அதில் ஒரு பாட்டுகூட இருக்காது. ஃபைலை போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குவார். மாடல் பெயரை எழுத்தெழுத்தாகப் பையனை வாசிக்கச் சொல்வார். வைஃபை உள்ள போர்டும் இல்லாத போர்டும் அவருக்கு ஒன்றல்ல. பிறகு டார்ச் அடித்து, போர்டின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணைத் தேடுவார். கண்ணாடி போட்டபிறகும் தெரியாது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நிம்மதி. பீட்டா என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். விண்டோஸுக்குள் இருந்துகொண்டு பயாஸ் எழுதுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. அப்டேட்டுக்கு முன் எக்ஸ்போவோ எக்ஸ்எம்பியோ போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, ரேமைச் சாதாரண வேகத்துக்கு இறக்கிவைப்பார்.

இவ்வளவு பெரிய மனிதரைச் சாய்த்தது ஒரு சின்னப் பட்டன்.

ஒரு வீட்டில் பி650 போர்டும் ரைசன் 9600எக்ஸும் வாங்கியிருந்தார்கள். போர்டு 2022இல் வந்த ரகம், பிராசசர் வரிசை 2024 ஆகஸ்டில் வந்தது. பெட்டிக்குள் தூங்கிய பயாஸுக்குப் புதுப் பிராசசரை அடையாளம் தெரியவில்லை; டிஸ்ப்ளே வரவில்லை. பயாஸுக்குள் போனால்தான் அப்டேட் செய்யலாம், அப்டேட் செய்தால்தான் பயாஸுக்குள் போகலாம். அண்ணன் பழைய பிராசசர் ஒன்றை இரவல் கேட்டு நாலு பேருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பையன் மேனுவலைப் படித்துவிட்டான். “அண்ணா, பின்னாடி ஃபிளாஷ் பட்டன் இருக்குண்ணா. பிராசசர், ரேம் எதுவும் வேணாமாம். எஸ்எம்பிஎஸ் கனெக்ஷன் மட்டும் போதுமாம்.” ஃபைலுக்கு எம்எஸ்ஐ.ரோம் என்று பெயர் மாற்றி, குறித்த போர்ட்டில் பென்டிரைவைச் செருகி, பட்டனை அழுத்தினான். சின்ன விளக்கு சிமிட்டியது. சில நிமிடங்களில் நின்றது. முடிந்தது. பாதியில் கரன்ட் போயிருந்தாலும் இதே பட்டனை மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். இதையும் பையன்தான் சொன்னான்.

அண்ணன் யூபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கடவுள் கைவிடவில்லை. பவரைப் போட்டதும் கறுப்புத் திரை. டிராம் விளக்கு மஞ்சளாக எரிகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம். பையனுக்கு வியர்த்தது, அப்பா பில்லைத் தேடினார். “ஆஃப் பண்ணிடட்டுமா?” என்று பையன் கை நீட்ட, அண்ணன் எழுந்து நின்றார். “யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!” டிடிஆர்5 ரேமை போர்டு முதன்முதலாகப் பழக்கப்படுத்திக்கொள்கிறது, பயாஸ் மாறிய பிறகு அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அவசரப்பட்டு அணைத்தவன் கெட்டான் என்று அவர் பாடம் நடத்தி முடிக்கவும் திரையில் லோகோ வரவும் சரியாக இருந்தது. அன்று காபி இரண்டாம் தடவையும் வந்தது.

பையன் என்னவோ துணிந்துவிட்டான். சில மாதம் கழித்து, அண்ணனைக் கேட்காமலே, அடுத்த வெர்ஷனையும் போட்டுவிட்டான். அப்டேட் நன்றாகவே முடிந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் பிட்லாக்கர் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணனுக்குப் போன்.

அந்த எண் பையனின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். வேறொரு போனில் லாகின் செய்தால் எடுத்துவிடலாம். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை நிறுத்திவைத்திருந்தால் கேட்டிருக்கவே கேட்காது. இரண்டும் அண்ணனுக்குத் தெரியும். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம்.

“எதையும் தொடாதே தம்பி. அப்பாவை முழிச்சிருக்கச் சொல்லு. நான் கிளம்பிட்டேன்” என்றார். பின்னணியில் அவர் மனைவி ஏதோ கேட்பதும், யூபிஎஸ்ஸை எங்கே வைத்தாய் என்று இவர் திருப்பிக் கேட்பதும் தெளிவாகவே கேட்டன.