வீடு உண்டு, அடுப்படி இல்லை

பெர்லின்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. நொய்கொல்ன் என்ற பேட்டையில், பின்கட்டில், நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

மாம்பலத்து போர்ஷனுக்கு ஆள் வந்தால் நீங்கள் நாலு கேள்வி கேட்பீர்கள். அதற்கே சித்தி தலையில் அடித்துக்கொள்வாள். இங்கே ஒரு ஃபைலே கொடுக்க வேண்டும்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டில் பாக்கியில்லை என்று ஒரு காகிதம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவன் என்று ஷூஃபா சான்று. புதிதாக வந்தவனுக்கு ஷூஃபாவில் என்ன இருக்கும்? முகவரி பதியாமல் பாதி வேலை நடக்காது. வீட்டுக்காரர் கையெழுத்தில்லாமல் முகவரி பதிய முடியாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதைதான். வீடு பார்க்கப் போனால் வாசல்வரை வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஜோடி, நாய் படத்தோடு சுயசரிதை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

சாவி வாங்கித் திறந்தால் அடுப்படியில் சுவரிலிருந்து இரண்டு குழாய் முனை, ஒரு மின்சாரப் பெட்டி. அவ்வளவுதான். சிங்க், அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். திருட்டு இல்லை சித்தப்பா, இங்கே அதுதான் வழக்கம். விளக்கும் அப்படியே, கூரையில் வயர் மட்டும் தொங்குகிறது. இப்போது ஜன்னல் திட்டில் ஒற்றை மின்னடுப்பு, பாத்திரம் தேய்ப்பது குளியலறையில். சித்தியிடம் சொல்லவேண்டாம். உங்கள் குடித்தனக்காரர் காதிலும் போட்டுவிடாதீர்கள், கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்துவிடப் போகிறார்.

வாடகை 780 யூரோ. இது 'குளிர்' வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பை, மாடிப்படி துடைக்கும் கூலி எல்லாம் சேர்ந்தால் 'சூடு' வாடகை. கரண்ட் அதிலும் சேராது. ஒரே ஆறுதல், அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சட்டமே அப்படி. நீங்கள் வாங்கும் பத்து மாதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாடகையை அடக்க அரசாங்கமும் பார்த்தது. 2020இல் பெர்லின் மாநிலம் வாடகையை ஏறவிடாமல் நிறுத்திவைத்தது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளிவிட்டது. பழைய ஒப்பந்தக்காரர்களுக்குக் கவலையில்லை. எதிர்வீட்டுப் பாட்டி என் வீட்டைப்போல இரண்டு மடங்கு வீட்டில் என்னைவிடக் குறைந்த வாடகையில் இருக்கிறார். காலி செய்தால் இதே தெருவில் அந்தக் காசுக்கு நாய்க்கூண்டுகூடக் கிடைக்காது, ஏன் நகரப்போகிறார்? எல்லாரும் அப்படி உட்கார்ந்துவிட்டால் வரிசை நீளாமல் என்ன செய்யும்!

சித்தி குழம்புப்பொடி அனுப்பினால் கதவு எண் தேட வேண்டாம், இங்கே கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். தபால்பெட்டியில் என் முழுப்பெயருக்கு இடமில்லாமல் 'பாலசுப்' என்று நிற்கிறது. பார்சலிலும் அதையே எழுதுங்கள், இல்லாவிட்டால் பொடி மாம்பலத்துக்கே திரும்பிவிடும்.

அன்புடன்,
பாலு