மூச்சுப்பிடிப்புதானே என்று விடலாமா?

கேள்வி: நுரையீரலின் சின்ன ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்கிறது என் ஸ்கேன் ரிப்போர்ட். அது எங்கிருந்து வந்திருக்கும்?

பதில்: பெரும்பாலும் காலிலிருந்து. கெண்டைக்காலிலும் தொடையிலும் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பும். காலிலிருந்து இதயம் வரை குழாய் அகலமாகிக்கொண்டே போவதால் வழியில் எங்கும் சிக்காது. நுரையீரலுக்குள் நுழைந்த பிறகுதான் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து சுருங்கும். பெரிய கட்டி வாசலிலேயே அடைக்கும். சிறியது கடைசிச் சந்துவரை போய் மாட்டும். வலிப்பது நெஞ்சு என்றாலும் விசாரிக்க வேண்டியது காலை.

கேள்வி: காலையும் நுரையீரலையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் யார்?

பதில்: ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரேதப் பரிசோதனைகளையும் விலங்குச் சோதனைகளையும் கொண்டு நிறுவினார். ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் குணம் கூடுவது என்ற மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரில்தான் படிக்கிறார்கள். அவர் பிறந்த தினமான அக்டோபர் 13, உலக ரத்த உறைவு தினமாக 2014 முதல் அனுசரிக்கப்படுகிறது.

கேள்வி: சும்மா உட்கார்ந்திருந்தால்கூடக் கட்டி வருமா?

பதில்: லண்டன் மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து இரவு முழுக்கப் பதுங்கிடங்களில், துணி நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நாற்காலியின் முன்சட்டம் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தியது. நுரையீரல் அடைப்பால் நேர்ந்த சாவுகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஆறு மடங்கானதாக, தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அந்த டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பிறகு பதுங்கிடங்களில் படுக்கைகள் வந்தன. இரவுப் பேருந்தில் கால் மடக்கிப் பயணிப்பவர்கள் இதை நினைத்துக்கொண்டு அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் அசைத்தால்கூடப் போதும். கெண்டைச் சதை பம்பு போல ரத்தத்தை மேலே தள்ளும்.

கேள்வி: கட்டி சின்னது. வலி மட்டும் ஏன் ஊசி குத்துவது போல?

பதில்: சின்னதாக இருப்பதால்தான். அது நுரையீரலின் ஓரம்வரை போய்விடுகிறது. அங்கே ரத்தம் போகாமல் ஒரு சிறு பகுதி புண்ணாகி, பக்கத்திலிருக்கும் உறையை உறுத்துகிறது. அந்த உறைக்கு வலி நரம்புகள் அதிகம். இழுத்து மூச்சுவிட்டால் சுருக்கென்று குத்தும். சிலருக்குச் சளியில் ரத்தம் தெரியும். பெரிய அடைப்போ வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் மயக்கமுமாக வரலாம். வலியின் அளவை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்.

கேள்வி: சாதாரண மூச்சுப்பிடிப்பு எது, இது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்ற முடிவை மட்டும் எடுக்காதீர்கள். திடீரென்று மூச்சு வாங்குவது, படபடப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அறுவைச் சிகிச்சை, பிரசவம், எலும்பு முறிவு, புற்றுநோய், கருத்தடை மாத்திரை இவற்றில் எது இருந்தாலும் டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வரிதான் அவரைச் சரியான பரிசோதனைக்குக் கொண்டுபோகும்.

கேள்வி: நோயாளி சொன்னால் கேட்பார்களா?

பதில்: கேட்கும்வரை சொல்ல வேண்டும். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இலேயே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது. 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் மூச்சு முட்டியது. சிடி ஸ்கேனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் வேண்டும் என்று அவரே கேட்டார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுவதாக நர்ஸ் எண்ணியதாக அவர் பின்னர் சொன்னார். முதலில் காலை ஸ்கேன் செய்தார்கள், ஒன்றுமில்லை. நெஞ்சை சிடி எடுத்தபோது நுரையீரலில் பல சிறு கட்டிகள் இருந்தன. பிரசவமான வீடுகளில் இதைப் படித்துக்காட்டுங்கள். தாய்க்கு முதல் ஆறு வாரம் இந்த ஆபத்து அதிகம். “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று யாரும் அவள் வாயை அடைக்கக் கூடாது.

கேள்வி: சின்னக் கட்டி என்றால் மருந்தே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: சிலருக்கு மட்டும், டாக்டரின் கண்காணிப்பில். 2022இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், கடைசிக் கிளைகளில் மட்டும் கட்டி இருந்த 266 பேருக்கு மருந்து கொடுக்காமல் கவனித்தார்கள். புற்றுநோய் இல்லாதவர்கள், முன்பு கட்டி வராதவர்கள், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்தும் காலில் கட்டி காணப்படாதவர்கள். அவர்களிலேயே 90 நாளில் சுமார் 3 சதவீதத்தினருக்கு மறுபடி கட்டி வந்தது. அதனால் யாரும் இறக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தவர்களுக்கும் அதிகமாக வந்தது. ஆகவே கட்டியின் அளவு பாதிக் கணக்குதான். அது யார் உடம்பில் இருக்கிறது என்பது மீதிக் கணக்கு.

கேள்வி: முன்பெல்லாம் கேள்விப்படாத நோய் இப்போது ஏன் பெருகுகிறது?

பதில்: நோயைவிடக் கருவியின் கண் கூர்மையானது முக்கியக் காரணம். அமெரிக்காவில் 1998இல் லட்சம் பேரில் 62 பேருக்குக் கண்டறியப்பட்ட நுரையீரல் அடைப்பு, புதிய சிடி கருவிகள் பரவிய பின் 2006இல் 112 ஆனது. இந்நோயால் இறப்போர் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஸ்கேனின்போது மூச்சை அடக்காமல் அசைந்தால் இல்லாத கட்டியும் இருப்பதுபோல் தெரியலாம். சின்னக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், அனுபவமுள்ள இன்னொரு ரேடியாலஜிஸ்ட்டும் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: மாத்திரை கட்டியைக் கரைத்துவிடுமா?

பதில்: கரைக்காது. கட்டி வளராமலும் புதிதாக வராமலும் காவல் காக்கும். கரைக்கிற வேலையை உங்கள் உடம்பே செய்யும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் குறைந்தது மூன்று மாதம் கொடுக்கிறார்கள். வலி போய்விட்டதென்று பத்தாம் நாள் நிறுத்துவது, வெள்ளம் வடியும் முன் கரையை உடைப்பது.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எலி மருந்து என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த க்ளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அதற்கான காரணப்பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தானது. 1950களில் மனிதர்களுக்கும் மருந்தானது. கொல்வதும் காப்பதும் அளவுதான். அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கீரையின் வைட்டமின் கே வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். எனவே வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் வேறு மாத்திரைகளான ரிவரோக்சபான், அபிக்சபான் எடுப்பவர்களுக்கு இந்தக் கீரைக் கணக்கு இல்லை. ஆனால் எந்த மருந்தானாலும், கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு வரலாம்.

கேள்வி: மூன்று மாதம் முடிந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டதா?

பதில்: வயதின் மேல் பழி போடுமுன் டாக்டரிடம் போங்கள். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாகி, இதயத்தின் வலப்பக்கத்தைத் திணறவைக்கும். இதயத்துக்கான எக்கோ ஸ்கேனில் இதற்கான அறிகுறி தெரியும், சிகிச்சையும் உண்டு. போகும்போது கால்களையும் காட்டுங்கள். இந்த நோய் பெரும்பாலும் புறப்படும் இடம் அதுதான்.