குளிர்காலத்துக்கு ஒரு குளிரூட்டி

வடநாட்டு லைன் ஓடும் சங்ககிரி லாரி டிரைவர்களுக்கு மத்திய அரசு ஒரு பரிசு கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அன்றைக்குத்தான் ஆயுத பூசையும். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முகப்பில் சந்தனம் பூசிக் கிளம்பும் வண்டி கார்த்திகையில் ஆக்ராவைத் தாண்டும்போது வெளியே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கும். நம் ஆள் போர்வைக்குள் பல் கிட்டித்துப்போய்க் கிடந்தபடி ஏசி பொத்தானைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஏசி வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரை வெயிலில் நாக்பூரைப் பகலில் கடந்தவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும், ஹீட்டரும் ஓடும். நிறுத்திய வண்டியில் விடிய விடிய எஞ்சினை ஓடவிட்டால் டீசல் கணக்கு உதைக்கும். மைலேஜ் குறைந்ததென்று முதலாளி பேட்டாவில் பிடிப்பார். ஆக, ஓட்டும்போது சொகுசு, தூங்கும்போது அவரவர் பாடு. தூங்குகிற டிரைவரால் யாருக்கு என்ன வருமானம்?

இதைவிட வேடிக்கை சேசிஸ் கதை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் பாடி கட்டுவதற்காக வெறும் சேசிஸாக வாங்கும் வண்டிகள் உண்டு. அதை உத்தராகண்டின் பந்த்நகரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ ஓட்டிவர வேண்டும். கதவு இல்லை, கூரை இல்லை, முன்கண்ணாடி இல்லை. மரப்பலகையை சீட்டாகக் கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, முகத்தில் பனியில் நனைந்து சொட்டும் துண்டைச் சுற்றிக்கொண்டு பனிக்காற்றுக்கு நேராக உட்கார்ந்து வருகிறார் ஒரு மனிதர். இப்படி விற்கும் சேசிஸுக்கும் அரசாணை வழி வைத்திருக்கிறது: தயாரிப்பாளர் ஏசிக் கிட்டோடு சேர்த்து விற்கலாம். கூரையில்லாத வண்டிக்குக் குளிரூட்டி! இதை எழுதிய அதிகாரியை மார்கழியில் ஒரே ஒரு ராத்திரி அந்தப் பலகையில் உட்காரவைத்தால் போதும்.

கேபின் என்றால் என்ன? எட்டடி அகலப் பெட்டி. முன்னால் முனியப்பன் படமும் காய்ந்த மாலையும். சீட்டுக்குப் பின்னால் ஆள் புரள முடியாத பலகை, அதற்கடியில் துணிப்பை. வெளியே டீசல் டேங்க் பக்கம் தொங்கும் தகரப்பெட்டிதான் சமையலறை: அஞ்சு கிலோ சிலிண்டர், கரி பிடித்த குண்டா, அரிசி, புளி, வீட்டில் அரைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள். குளிர்காலத்தில் காற்றுக்கு அடுப்பு நிற்காது என்று அதைத் தூக்கிக் கேபினுக்குள் வைப்பார்கள். கண்ணாடி இடுக்கைப் பேப்பரால் அடைத்துவிட்டு, குளிர்காய வைத்த, கங்கு அணையாத கரித்தட்டோடு தூங்கினால் காலையில் எழுவது நிச்சயமில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரேஷன் கார்டில் உள்ள வீட்டில் அவர் இருப்பது மாதத்தில் சில நாள், குடியிருப்பது இங்கே. கழிப்பறையா? புதர் இருக்கும் இடமெல்லாம். கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்தது என்று 2019 அக்டோபர் 2 அன்று சபர்மதிக் கரையில் அறிவித்தார்கள். லாரிக்காரரை யாரும் கேட்கவில்லை. லோடு இறக்கும் குடோனில் வாட்ச்மேனுக்கு இருக்கும் கழிப்பறைகூட அவருக்குத் திறக்காது.

இப்படிச் சரக்கோடு சரக்காகக் குடியிருப்பதற்கு இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு என்று ஒன்று உண்டு. சின்ன மதகுகளுக்குள் நுழைவதற்காக ஏழடி அகலத்தில் கட்டியது. நிலக்கரி சுமந்த அந்தப் படகின் பின்கோடியில் பத்தடி நீளத்தில் ஓர் அறை. அதற்குள் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதினார், ஊர் ஊராகக் கத்தினார். 1877இல் சட்டம் வந்தது: அந்த அறை வீடுதான், பதிவு செய், எத்தனை பேர் தூங்கலாம் என்று அளந்து எழுது, அதிகாரி உள்ளே போய்ப் பார்க்கட்டும். நம்மை ஆண்ட அதே பாராளுமன்றம்தான். இன்று அந்தப் படகுகளில் சரக்கு போவது அநேகமாக நின்றுவிட்டது. ஆசைக்காகவும், வீட்டு வாடகை தாங்காமலும் அதில் குடியிருப்பவர்கள் குளிர் வருமுன் விறகும் கரியும் வாங்கி அடுக்குகிறார்கள். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடமில்லாதவர் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்பது 1995ஆம் வருடத்துச் சட்டம். அதையே அங்கே கெடுபிடி என்கிறார்கள். நம்மூர்க்காரருக்கு லோடு ஏறிவிட்டால் பதினாலு மணி நேரம் நிற்க வழியில்லை. லோடு கிடைக்காவிட்டால் பதினாலு நாளும் நிற்கலாம், சொந்தச் செலவில்.

இங்கேயும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, இரவு நிற்குமிடத்தில் ஓய்வறை, எல்லாம் அழகாக எழுதியிருந்தது. ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனத்துக்கு மட்டும் செல்லும் என்றும் எழுதியிருந்தது. ஒன்றும் இரண்டுமாக வண்டி வைத்திருப்பவர்கள் நிறைந்த ஊரில் அந்த ஐந்து எங்கே தேறும்? அதை விழுங்கிய 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கிவிட்டது. நடுவில் 2018. அந்த ஜூலையில் லாரி சுமக்கலாமென்ற எடையை உயர்த்தினார்கள். 25 டன் பத்துச்சக்கர வண்டி 28.5 டன் ஆனது. நவம்பரில், நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை எடுத்தார்கள். லோடு ஏறியது, ஆள் இறங்கினான்.

அந்த ஒற்றை ஆள்தான் சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு, வைகுந்தம் டோல்கேட்டில் தொடங்கும் கப்பத்தை வழியெல்லாம் கட்டிக்கொண்டு போகிறார். சேலத்தைத் தொட்டுப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. மார்கழியில் ஆக்ராவுக்கும் அம்பாலாவுக்கும் நடுவில் அந்தச் சாலையே கண்ணுக்குத் தெரியாது. முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஹாரன் காதில் விழட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ந்து போக வேண்டும். முன்வண்டி பள்ளத்தில் இறங்கினால் இவரும் இறங்குவார். யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கனரக வண்டிக்கு வேகம் 60 என்று குறைக்கிறார்கள். நல்லது. அதைச் சொல்லும் பலகையும் பனிக்குள்தான் நிற்கிறது. தில்லியில் காற்று மிக மோசமானால் பழைய டீசல் லாரிகளுக்கு நகருக்குள் தடை. தில்லிக்காரர் நுரையீரல் பிழைக்க வேண்டும் என்பதற்காக, அதே நச்சுக்காற்றில், எல்லையில், ரோட்டோரத்தில் ராத்திரி பூராவும் கிடப்பவருக்கு நுரையீரல் இருப்பதாக எந்த உத்தரவிலும் குறிப்பு இல்லை.

விபத்தில் ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்ற பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் இருப்பது தெரிந்து, 2024 ஜனவரியில் டிரைவர்கள் நாடெங்கும் வண்டியை நிறுத்தினார்கள். நின்றால் கூட்டம் கூடி அடிக்கும், ஓடினால் ஜெயில். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டதும் அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவராமல் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதமே பிரதமர், நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக ஆயிரம் ஓய்வு மையங்கள் என்று அறிவித்தார். டிரைவருக்குத் தங்குமிடம் என்றதும் அரசுக்கு முதலில் தோன்றியது ஜெயில், இரண்டாவதாகத்தான் ஓய்வறை. அந்த ஆயிரத்தில் ஒன்றில் படுத்து எழுந்தவர் யாராவது உண்டா என்று சங்ககிரி டீக்கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

அரசை மட்டும் திட்டிவிட்டு ஊர்க்காரர்களை விட்டுவிட்டால் அது நியாயமில்லை. இங்கே முதலாளிகளில் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். அதே பலகையில் படுத்த முதுகுதான். வண்டி வாங்கியதும் அந்த முதுகுக்கு மறதி வந்துவிடுகிறது. ஸ்ட்ரைக் என்றால் டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ் பிரீமியம். கோரிக்கைப் பட்டியலில் டிரைவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். டிரைவர் கிடைப்பதில்லை, பசங்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று கல்யாண வீடுகளில் புலம்பல் வேறு. இன்ஜினியரிங் படிக்கவைத்த உங்கள் பையனை இந்த மார்கழிக்கு ஒரே ஒரு டிரிப் ஜலந்தருக்கு அனுப்பிப் பாருங்களேன், ஏசி வண்டியில்.

லாரி உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் எழுதுங்கள். வடநாட்டு லைனுக்கு இரண்டு டிரைவர். லோடுக்காகக் காத்துக்கிடக்கும் முதல் ராத்திரியிலிருந்தே ஹால்ட்டிங் படி, அது டிரைவர் கைக்கு. லோடு ஏற்றும், இறக்கும் ஒவ்வொரு குடோனிலும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. மூன்றில் முதல் கோரிக்கைக்குத் தில்லியின் சம்மதம் தேவையில்லை. கார்த்திகைக்கு முன்பே நீங்களே செய்துவிடலாம்.