சுருட்டைத் தலை: மூலமும் உரையும்

தமிழில் தலைமுடியைப் பற்றி எழுந்த விவாதங்களில் ஆகப் பெரியது மதுரையில் நடந்ததாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். ஆயிரம் பொன் பரிசு, தருமி, நக்கீரர், நெற்றிக்கண், கடைசியில் பொற்றாமரைக் குளம். இத்தனை அமளியிலும் அந்தக் கூந்தல் கோரையா சுருட்டையா என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பிற்கால அறிஞர்களும் இந்தக் குறையைக் களைய முன்வராததால் அந்தப் பொறுப்பு இக்கட்டுரையாளர் தலையில் வந்து விழுந்தது. தலை சுருட்டை என்பதால் விழுந்த இடத்திலேயே சிக்கியும் கொண்டது.

ஆய்வின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். கடலோரத் தமிழ்நாட்டு ஆண்களின் சுருட்டைத் தலை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெண்களின் தலைமுடி எண்ணெய், பின்னல், பூ, அத்தை, மாமியார் என்று பல துறைகளைத் தொடுவதால் ஒரு பல்கலைக்கழகமே எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. வழுக்கை பற்றிய முடிவுகள் ஏற்கெனவே எட்டப்பட்டுவிட்டன.

எந்த நூலைப் பதிப்பிப்பவரும் முதலில் மூலபாடத்தைத் தேடுவார். தலையைப் பொறுத்தவரை மூலபாடம் மயிர்க்காலில் இருக்கிறது. அது நேராக இறங்கியிருந்தால் முடி கோரையாக வரும். வளைந்திருந்தால் சுருண்டு வரும். கோரை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம், சுருட்டையில் தட்டையான நீள்வட்டம். முடியின் கெரட்டினைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு நம் ஆய்வுக்கு முக்கியம். கந்தகப் பிணைப்பு பிடிவாதமானது. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி சேரும். சூட்டுக் கருவியால் முடியை நீவி நேராக்குகிறவர்கள் இந்த இரண்டாவது பிணைப்பைத்தான் தற்காலிகமாகச் சம்மதிக்க வைக்கிறார்கள். சென்னையில் அந்தச் சம்மதம் கடல்காற்று வீசத் தொடங்கும் வரை செல்லும்.

இதை நிரூபிக்கப் புதிய பரிசோதனை தேவையில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் 1783-இல் முடியால் இயங்கும் ஈரமானியைப் பற்றி நூலே எழுதிவிட்டார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வந்தால் மனித முடி சுமார் இரண்டு சதவீதம் நீளும். அதை ஒரு முள்ளோடு இணைத்தால் காற்றின் ஈரப்பதம் தெரிந்துவிடும். அவருக்கு முடி இழை ஒன்றிரண்டே போதுமானதாக இருந்தது. திருவான்மியூரில் ஏறக்குறைய ஒரு லட்சம் இழைகளோடு இந்தக் கருவியைத் தலைமேலேயே சுமந்து திரிகிறவர்கள் இருக்கிறார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையம் இதுவரை அவர்களை அணுகியதாகத் தகவல் இல்லை.

கந்தகப் பிணைப்பையே ரசாயனத்தால் உடைத்து முடியை நேராக்குவதும் உண்டு. பதிப்புத் துறையில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது எளிது: தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, புதிதாக வருவது மயிர்க்காலின் பேச்சைத்தான் கேட்கிறது. அரை ஆண்டில் அடி சுருட்டை, நுனி கோரை. ஒரே தலையில் இரண்டு காலத்து நடை.

வகைப்பாட்டிலும் சிக்கல் உண்டு. ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் முடியை 1 முதல் 4 வரை பிரித்து, ஏ, பி, சி என்று உட்பிரிவும் வைத்தார். இப்போது இளைஞர்கள் ‘நான் 3ஏ’ என்று பேருந்து எண் போலச் சொல்லிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் கோரை, சுருட்டை, பரட்டை என்ற மூன்றே போதுமாக இருந்தது. இவற்றில் பரட்டை என்பது சீப்பு பட்ட சுருட்டைதான், தனி வகையன்று என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ‘16 வயதினிலே’ (1977) வில்லனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டதால் மறுவிசாரணைக்கு வாய்ப்பில்லாமல் போனது. சுருட்டை முடி சோறு போடும் என்றொரு சொலவடை ஆறுதலாகக் கிடைக்கிறது. எவ்வளவு சோறு, எந்த வயதில் என்ற விவரம் அதில் இல்லை.

பள்ளியில் சூட்டப்பட்ட பட்டப்பெயரைக் கொண்டு ஒரு சுருட்டைத் தலையின் காலத்தைக் கணிக்க முடியும் என்பது இந்த ஆய்வின் உபவிளைவு. ‘குருவிக்கூடு’ எல்லாக் காலத்துக்கும் பொது, சான்றாகாது. ‘சாய்பாபா’ என்றால் ஆள் மூத்தவராக இருக்கலாம். ‘நூடுல்ஸ்’ என்றால் நிச்சயம் மேகி இந்தியாவுக்கு வந்த 1983-க்குப் பிற்பட்டவர். கல்வெட்டு எழுத்தை வைத்துக் காலம் சொல்வதைவிட இதில் பிழை குறைவு.

இனி உரையாசிரியருக்கு வருவோம். மூலம் எவ்வளவு கடினமானாலும் அதற்குப் பொருள் சொல்லும் கடமை சலூன் அண்ணனுடையது. அவர் எழுப்பும் முதல் கேள்வி, ‘ஷார்ட்டா, மீடியமா?’ மீடியம் என்றால் எவ்வளவு என்பதற்குத் தமிழகத்தில் எங்கும் வரையறை இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் மீடியம் என்றே சொல்லி, தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, நம்பிக்கையோடு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் ‘பாகவதர் கிராப்பு’ என்றாலே போதும், அடுத்த கேள்வி கிடையாது. ‘ஹரிதாஸ்’ (1944) ஓடிய ஓட்டத்தில் அந்தத் தலை எல்லோருக்கும் மனப்பாடம். இன்று வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு நடிகரின் கோரைத் தலையைக் காட்டுகிறார். அண்ணன் படத்தைப் பார்க்கிறார், தலையைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார்.

“அது அவரு முடி தம்பி.”

உரை மரபில் இதைவிடச் சுருக்கமான மறுப்பை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

பெரும்பாலான உரைகள் தண்ணீர்ப் புட்டியில்தான் பிழைபடுகின்றன. தண்ணீர் அடித்து, படியச் சீவி, விரலிடுக்கில் இழுத்துப் பிடித்து வெட்டுவது சலூன் முறை. ஈரத்தில் சுருள் தளர்ந்து நீண்டு நிற்கும். அந்த நீளத்தை நம்பிக் கத்தரி வைத்தால் காய்ந்ததும் முடி சுருங்கி மேலேறிவிடும். காதுக்குக் கீழே இருக்க வேண்டியது காதுக்கு மேலே குந்தியிருக்கும். கத்தரியின் மேல் இதில் குற்றம் இல்லை. அளவெடுத்த நேரம்தான் தவறு. விவரமான அண்ணன்கள் தண்ணீரைத் தொடுவதே இல்லை. காய்ந்த முடியில், ஒவ்வொரு சுருளும் எங்கே படுக்கிறது என்று பார்த்து, பாரத்தை மட்டும் குறைக்கிறார்கள். வேலை மெதுவாக நடக்கும், காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முடிந்ததும் ஒரே ஒரு விதி சொல்லப்படும்: “குளிச்சிட்டு ஈரத்துல விரலால கோதி விடுங்க. ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். காஞ்சப்புறம் சீப்பு எடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்ல.”

இவ்வாறு மூலத்தைச் சிதைக்காமல் திருத்திய செம்பதிப்பு ஒன்று அண்மையில் வெளிவந்தது. பின்கண்ணாடியில் பார்த்தபோது பிடரி, கிருதா, உச்சி என எல்லாப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று முரணின்றி இருந்தன. சுருள்களை அவற்றின் போக்கில் விட்டுவிட இக்கட்டுரையாளரும் முழு மனதோடு ஒப்புக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு அன்று மாலை வீட்டில் நடைபெற்றது. புறத்தேர்வாளரான அம்மா கதவருகிலேயே நிறுத்தி, தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, செவ்வாய்க்கெழம கடை லீவுன்னு போர்டு போட்டிருந்தானா?” என்று கேட்டார்.