செயின்ட் லூயிஸ் கடிதம்: 129 கிலோ ‘சின்னப் பையன்’

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு வரிசையின் நட்ட நடுவில் நிற்பவருக்கு டிஃபென்சிவ் டேக்கிள் என்று பெயர். எதிரே சுவர் மாதிரி நிற்கும் ஆட்களைப் பிளந்துகொண்டு உள்ளே போய், பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்ப்பது அவர் வேலை. பந்தோடு ஓடி வருகிறவனை நடுவழியில் மறிப்பதும் அவர் தலையில்தான் விழும். இந்த உத்தியோகத்துக்குக் குறைந்தபட்சத் தகுதி 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, என்பது ரசிகர்களின் எழுதாச் சட்டம். அதற்குக் கீழே இருப்பவர் ‘சின்னவர்’. 2014 மே மாதம் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஏரன் டொனால்டு என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. எடை 285 பவுண்டு. நம் கணக்கில் 129 கிலோ. உயரம் ஆறடி முக்கால் அங்குலம். ஊரில் இப்படி ஒருவர் பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேர் எழுந்து இடம் விடுவார்கள். செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரியிலோ ‘பாவம், இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவான்’ என்ற கவலை எழுந்தது.

கவலைப்படுவதற்கென்றே ஒரு திருவிழா உண்டு. அதன் பெயர் டிராஃப்ட். கல்லூரி ஆட்டக்காரர்களை 32 தொழில்முறை அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். முந்தைய ஆண்டு மண்ணைக் கவ்விய அணிக்கு முதல் உரிமை. கோப்பை வென்றவருக்குக் கடைசி இடம். 2014-இல் இது நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் மூன்று நாள் நடந்தது. மைதானத்தில் ஒரு பந்துகூட உருளாது. கோட்டு சூட்டுப் போட்டவர்கள் மேடைக்கு வந்து பெயர் வாசிப்பார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்க வீட்டுக்கு வீடு கூட்டம் கூடும். செயின்ட் லூயிஸ் பக்கம் என்றால் எண்ணெயில் பொரித்த ரவியோலி ஒரு தட்டு நடுவில் இருக்கும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத் தேர்வுக்குழு உறுப்பினர்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு அழைக்கப்படும் தமிழர் ஒரே ஒரு காரியத்தைத் தவிர்த்தால் போதும்: 129 கிலோ என்று மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு வாயைப் பிளக்கக் கூடாது. ‘கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் தேவலை’ என்று தலையாட்டினால் மரியாதை கிடைக்கும்.

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்ற பரிசோதனை நடக்கும். இதைப் பெண் பார்க்கும் படலம் என்றே சொல்லலாம். பாடச் சொல்வதற்குப் பதிலாக ஓடச் சொல்கிறார்கள். உயரம், எடை, கையின் நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கப்பட்டு, இன்னின்னாருக்கு இவ்வளவு என்று நாடு முழுவதும் தெரிந்துவிடும். டொனால்டு 40 கெஜ தூரத்தை 4.68 விநாடியில் ஓடினார். 102 கிலோ இரும்பை மல்லாந்து படுத்தபடி 35 முறை தூக்கினார். இரண்டும் அசாத்தியமான கணக்குகள். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட ரசிகருக்கு எண் எப்போதும் ஒத்தாசை செய்யும். ‘அவ்வளவு வேகமா!’ என்றார் ஒருவர். ‘எடை இல்லாவிட்டால் வேகம் வரத்தானே செய்யும்’ என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

எடைக் கட்சிக்காரர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. வரிசையின் நடுப்பகுதியில் ஒரு டேக்கிளை இரண்டு பேர் சேர்ந்து தள்ளுவது வழக்கமான உத்தி. எதிரே இரண்டு 140 கிலோ; இந்தப் பக்கம் ஒற்றை 129. ஒவ்வொரு ஆட்டத்திலும் பல முறை இப்படி நடக்கும்; அதுவும் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரைக்கும். அடுத்தது கை. நீளக் கைக்காரர் எதிரியின் மார்பில் முதலில் கை வைத்துவிடுவார். குட்டைக் கைக்காரர் எட்டுவதற்குள் விஷயம் முடிந்துபோகும். உடம்பின் அளவு பலகாலமாக அணிகள் பார்த்துவந்த தகுதிதான். ரசிகர்கள் கைக்காசைப் போட்டுக் கண்டுபிடித்தது அல்ல.

எதிர்க்கட்சி, ஆட்டப் பதிவுகளைப் பார்த்தவர்கள். 2013 கல்லூரிப் பருவத்தில் டொனால்டு எதிரணியினரை அவர்கள் புறப்பட்ட கோட்டுக்குப் பின்னாலேயே 28.5 முறை வீழ்த்தியிருந்தார்; குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தது 11 முறை. (இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை விழுத்தாட்டினால் ஆளுக்கு அரை. பாகப்பிரிவினையில் இந்த நாட்டார் கறார்.) நகுர்ஸ்கி, பெட்நாரிக், அவுட்லண்ட், லொம்பார்டி என்று நான்கு பெரிய விருதுகளையும் அந்த ஒரே ஆண்டில் வாங்கிவிட்டார். இதற்கு எடைக் கட்சியின் பதில் இரண்டே சொல்: ‘கல்லூரியில் சரி.’

மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்கும் டொனால்டின் உடம்புக்கும் சம்பந்தம் இல்லை. ராம்ஸ் வரிசையில் கிறிஸ் லாங், ராபர்ட் குவின், மைக்கேல் பிராக்கர்ஸ் மூவரும் முன்பே முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். குவின் முந்தைய பருவத்தில் மட்டும் 19 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்திருந்தார். நிறைந்த வீட்டுக்கு இன்னொரு ஆள் எதற்கு? பந்து பிடிக்கும் ஆளை எடுக்கலாம் என்றாலோ, டொனால்டுக்கு ஓர் இடம் முன்னால், பன்னிரண்டாவதாக, ஓடெல் பெக்கம் என்ற பந்து பிடிப்பவரை நியூயார்க் ஜயன்ட்ஸ் கொத்திக்கொண்டு போய்விட்டது.

அதே இரவில் ராம்ஸ் அணிக்கு இன்னொரு தேர்வும் இருந்தது. 2012-இல் ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை அடைய வேண்டும் என்று வாஷிங்டன் அணி அள்ளிக் கொடுத்த உரிமைகளில் கடைசியானது, 2014-இன் இரண்டாவது இடம். அதில் ஆபர்ன் பல்கலைக்கழகத்து கிரெக் ராபின்சனை எடுத்தார்கள். ஆறடி ஐந்து அங்குலம், 332 பவுண்டு, ஏறக்குறைய 151 கிலோ. கண்ணுக்கு நிறைவான ஆள். 2017-இல் ராம்ஸ் அவரை டெட்ராய்ட் அணிக்கு ஓர் ஆறாம் சுற்று உரிமைக்குக் கைமாற்றி விட்டது. பதின்மூன்றாவதாக வந்த ‘சின்னவர்’ முதல் பருவத்திலேயே 9 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்து, சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் ஆனார். 2018-இல் அந்தக் கணக்கு 20.5. நடுவரிசைக்காரர் யாரும் ஒரே பருவத்தில் அந்த எண்ணைத் தொட்டது கிடையாது. 2017, 2018, 2020 என்று மூன்று தடவை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர்.

குறை என்று சொல்லப்பட்ட உயரமே உதவிக்கு வந்தது. குனிந்து வருபவன் ஜெயிப்பான் என்பது இந்த ஆட்டத்துப் பயிற்சியாளர்களின் பால பாடம். ஆறரை அடி ஆள் இடுப்பை மடக்கிக் குனிவதற்குள் டொனால்டு அவர் அக்குளுக்குக் கீழே இருப்பார். பந்து அசைந்த கணமே கிளம்புவார். மார்பை நோக்கி நீளும் கைகளை முழங்கைப் பக்கமாக வெட்டித் தட்டுவார். தோளைச் சாய்த்து ஒல்லியாகிவிடுவார். பிடிக்க மார்பு அகப்படாது, தள்ள உடம்பு அகப்படாது. இந்த வெட்டுக்காக அவர் கோடைப் பயிற்சியில் போலிக் கத்தி வைத்துக்கொண்டு பழகிய காட்சியை ரசிகர்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். எதிரணியினர் இரண்டு பேரை விட்டுத் தடுத்தார்கள். சில நேரம் மூன்று பேர்.

சின்ன உடம்பின் சரித்திரம் அறிந்தவர்கள் ஜான் ராண்டில் என்ற டேக்கிளின் பெயரை ஆரம்பத்திலேயே சொன்னார்கள். 1990-இல் அவரை எந்த அணியும் டிராஃப்டில் சீந்தவில்லை. எடை கூடினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றது மினசோட்டா வைகிங்ஸ். எடை பார்க்கும் நாளில் ராண்டில் உடைக்குள் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு தராசில் ஏறினார் என்பது பிரசித்தமான கதை. சேர்த்துக்கொண்டார்கள். 137.5 முறை குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்து 2010-இல் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார்.

செயின்ட் லூயிஸ்காரர்கள் தங்கள் தீர்ப்பைத் திருத்திக்கொண்டு கொண்டாட முடிந்தது இரண்டே பருவம். 2016 ஜனவரியில் அணி உரிமையாளர்கள் கூடி வாக்களித்து, ராம்ஸை லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போக விட்டார்கள். ஊரார் வழக்குப் போட்டு, 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. மூன்றே மாதம் கழித்து, 2022 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் சின்சினாட்டியை ராம்ஸ் 23-20 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் பந்தைத் தக்கவைக்கச் சின்சினாட்டிக்கு வேண்டியிருந்தது ஒரு கெஜம்; குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றியவர் டொனால்டு. எறிந்த பந்து யார் கைக்கும் போகவில்லை. டொனால்டு தன் மோதிர விரலைக் காட்டிக்கொண்டு ஓடினார். சாம்பியன்களுக்கு மோதிரம் போடுவது இங்கே வழக்கம். அன்று செயின்ட் லூயிஸில் ராம்ஸ் என்ற பெயரையே கேட்கப் பிடிக்காதவர்களும், ‘ஆனால் அந்தப் பையனை எடுத்தது நாம்தான்’ என்றவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். 2024 மார்ச்சில் 111 சாய்ப்புகளோடு டொனால்டு ஓய்வு பெற்றார்.

அதோடு எடைக் கட்சி கலைந்துவிடவில்லை. 2023-இல் தாம்பா பே பக்கனீர்ஸ் பத்தொன்பதாவதாக கலைஜா கான்சியை எடுத்தது. அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், அதே டேக்கிள் இடம், 281 பவுண்டு. 40 கெஜ ஓட்டம் 4.67 விநாடி, டொனால்டை விட நூறில் ஒரு விநாடி குறைவு. இப்போது 285 பவுண்டு சின்ன உடம்பு என்று யாராலும் வாய் திறக்க முடியாதல்லவா? தாம்பா ரசிகர்கள் நேராகக் கைக்குப் போனார்கள். டொனால்டின் கை 32 அங்குலமும் எட்டில் ஐந்தும். கான்சியின் கை 30 அங்குலமும் எட்டில் ஐந்தும். இரண்டு அங்குலம் குறைச்சல் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார்கள். 2024 பருவத்தில் கான்சி சாய்த்த கணக்கு 7.5.